வராத காரணம்

நெடுங்காட்டில் பிறந்தவனுக்குத் தண்ணீர் என்றால் வாய்க்கால் தண்ணீர். மேட்டூரைத் திறந்தால் வரும், மூடினால் போகும். முழங்காலுக்கு மேல் ஏறினால் அதை மரியாதை தெரியாத தண்ணீர் என்று எங்கள் ஊரில் திட்டுவோம். அப்படிப்பட்ட என்னை, தியாகராசன் என்ற அப்பாவியை, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்தெட்டில் நண்டுத்திட்டுப் பள்ளிக்கூடத்துக்குத் துணை ஆசிரியராகப் போட்டார்கள். ஆற்றுக்கும் உப்பங்கழிக்கும் நடுவில் அறுபது வீடு உள்ள திட்டு அது. நின்ற இடத்திலிருந்து பார்த்தால் காரைக்கால்மேட்டுப் படகுகள் தெரியும். எந்தப் பக்கம் திரும்பினாலும் தண்ணீர். என்னை அங்கே போட்ட மகராசன் நன்றாக இருக்கட்டும்.

காலையும் மாலையும் இளையபெருமாளின் ஓடத்தில்தான் போய்வர வேண்டும். ஓடத்தில் ஏறியதும் இரண்டு பக்கத்துப் பலகையையும் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடி, பதினாறாம் வாய்ப்பாடு சொல்ல ஆரம்பித்துவிடுவேன். அது முடிவதற்குள் கரை வந்துவிடும். காற்று எதிராக இருந்தால் பத்தொன்பதாம் வாய்ப்பாடு வரைக்கும் போகும்.

"சார், இன்னைக்கு ஆறு பச்சப் புள்ள மாதிரி கெடக்கு. ரெண்டாம் வாய்ப்பாடே போதும்" என்பான் இளையபெருமாள். அவனுக்கு நான் பதில் சொன்னதில்லை. வேறு பேச்சு பேசினால் கணக்கு விட்டுப்போகும்.

திட்டில் பள்ளிக்கூடத்தை நடத்திக்கொண்டிருந்தவர் ஆஸியா பீவி. பெரியவர் சிறியவர் எல்லாருக்கும் டீச்சரம்மா. வெள்ளைத் துப்பட்டி, வட்டக் கண்ணாடி, வெயிலோ மழையோ கையில் ஒரு கறுப்புக் குடை. சைகோனில் கடை வைத்திருந்த மரைக்காயர் வீட்டுப் பெண். அங்கேயே பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவர். கல்யாணம் முடிந்து கப்பலேறி வந்தார். வந்த சில வருடத்தில் கணவரைக் கடல் கொண்டுபோய்விட்டது. நாத்தனார் வீடு இந்தத் திட்டில். அங்கே வந்து, படகு நிறுத்தும் கொட்டகையில் நாலு பிள்ளைகளை உட்காரவைத்து ஆனா ஆவன்னா சொல்லிக்கொடுத்தவர், பிறகு பிரெஞ்சு சர்க்காரிடம் சண்டை போட்டு அதையே பள்ளிக்கூடமாக்கிவிட்டார். சண்டை என்றால் சும்மா இல்லை. துரை தமிழில் பேசினால் இவர் பிரெஞ்சில் திட்டுவாராம், துரை பிரெஞ்சில் பேசினால் தமிழில் திட்டுவாராம்.

எனக்கும் கோபம் வரும். இரண்டு கோபக்காரர்கள் ஒரே கூரைக்குக் கீழ் என்றால் கேட்கவேண்டுமா? சேர்ந்த முதல் வாரமே முட்டிக்கொண்டது.

ஒரு வியாழக்கிழமை நான் போகவில்லை. ஆற்றில் அலை அதிகம் என்று சொல்லியனுப்பினேன். மறுநாள் போய் வருகைப் பதிவேட்டைப் புரட்டினால், பிள்ளைகளின் பெயருக்கெல்லாம் கீழே என் பெயர். தடித்தடியான பிரெஞ்சுக் காகிதம், கட்டம் கட்டமாக அச்சு. கடைசிக் கட்டத்தில் பொடி எழுத்தில் தமிழில் எழுதியிருந்தார்: "தியாகராசன் வாத்தியார் வரவில்லை. காரணம்: ஆற்றில் அலை (பொய்)."

"என்ன டீச்சரம்மா இது? நான் என்ன புள்ளையா?"

"வராதவங்க எல்லாம் எனக்கு ஒண்ணுதான் வாத்தியாரே. நான் வராட்டி எம்பேரையும் எழுதுவேன்."

"எழுதியிருக்கீங்களா?"

"வராம இருந்தாத்தானே எழுதுறதுக்கு?"

அந்தக் கடைசிக் கட்டம்தான் டீச்சரம்மாவின் ராச்சியம். ஒரு பிள்ளை வரவில்லை என்றால் மாலையில் குடையை எடுத்துக்கொண்டு வீட்டுக்கே போய் விசாரிப்பார். "வரவில்லை. காரணம்: ஆடு பாவாடையைத் தின்றுவிட்டது (உண்மை, பார்த்தேன்)." "வரவில்லை. காரணம்: வயிற்றுவலி (பொய், கொய்யா மரத்தில் இருந்தான்)." "வரவில்லை. காரணம்: தம்பி பிறந்தான் (உண்மை, பார்த்தேன்)." இப்படி வருடத்துக்கு ஒரு புத்தகம். வேலையற்ற வேலை என்று நினைத்தேன். வாயைவிட்டும் சொன்னேன். அந்த வாய்க்குத்தான் பின்னால் பூட்டு விழுந்தது.

அவரிடம் இன்னொரு விசித்திரம் இருந்தது. திட்டில் யாருக்கும் பிறந்த தேதி தெரியாது. பிள்ளை பிறந்தால் மூன்று நாளைக்குள் மேரி என்ற நகராட்சி ஆபீசில் போய்ப் பதிய வேண்டும் என்பது பிரெஞ்சுச் சட்டம். பிரசவித்த வீட்டை விட்டுவிட்டு ஆற்றைத் தாண்டி, சாட்சிக்கு ஆள் தேடி, யார் போவார்கள்? எனக்குத் தெரிந்து போனவர் ஒருவரும் இல்லை. அதனால் சேர்க்கும்போது டீச்சரம்மா பிள்ளையை நிறுத்தி, வலது கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுபோய் இடது காதைத் தொடச் சொல்வார். தொட்டால் ஐந்து வயது. தொடாவிட்டால் அடுத்த வருடம். வருடம் இப்படி முடிவாகும். மாதமும் தேதியும்? அதைப் பற்றி அவர் யோசித்ததே இல்லை. எல்லாருக்கும் ஜூலை பதினாலு.

ஆமாம், எல்லாருக்கும். நான் பார்த்த வரையில் சேர்க்கைப் பதிவேட்டில் வேறு தேதியே கிடையாது. ஜூலை பதினாலு பிரெஞ்சுக்காரர்களின் பெரிய திருநாள். காரைக்காலில் கொடி ஏற்றுவார்கள், வழுக்குமரம் நடுவார்கள், இருட்டும் நேரத்தில் வாணம் விடுவார்கள். அக்கரையில் விடும் வாணம் திட்டில் நன்றாகத் தெரியும். பிள்ளைகள் அத்தனை பேரும் ஆற்றோரம் வரிசையாக நின்று, "இந்தப் பச்ச எனக்கு, அந்தச் செவப்பு ஒனக்கு" என்று பங்கு போட்டுக்கொள்வார்கள். சர்க்கார் தங்களுக்காகத்தான் வெடிக்கிறது என்று அதுகள் முழுசாக நம்பின. டீச்சரம்மா மறுக்கமாட்டார். வீடு வீடாக வட்லப்பம் என்ற முட்டை இனிப்பு வேறு கொடுத்தனுப்புவார்.

எனக்கு ஆத்திரமாக வரும். வெள்ளைக்காரன் திருநாளை நம் பிள்ளைகள் தலையில் கட்டுகிறாரே, இந்த அம்மாவுக்கு என்ன பிரெஞ்சுப் பக்தி என்று இளையபெருமாளிடம் புலம்புவேன். அவரிடம் நேராகக் கேட்டதில்லை. கேட்டால் அதையும் ஏதாவது கட்டத்தில் எழுதிவைப்பார்.

ஐம்பத்துநாலு நவம்பரில் பிரெஞ்சுக் கொடி இறங்கியது. அதற்கு முன்பே ஊர் மாறத் தொடங்கிவிட்டது. சைகோனில் இருந்த குடும்பங்கள் பெட்டி படுக்கையோடு திரும்பிக்கொண்டிருந்தன. எல்லையில் சுங்கக்காரர்கள் மடியைத் தடவிப் பார்த்ததெல்லாம் நின்றுபோயிற்று. புது சர்க்காரிடமிருந்து புத்தம் புதிய பதிவேடுகள் வந்தன, எல்லாம் தமிழில். எனக்குத் தலைகால் புரியாத சந்தோசம். அந்த வேகத்தில் அலமாரியைத் திறந்தேன். பதினான்கு வருடத்துப் பழைய வருகைப் பதிவேடுகள் இடத்தை அடைத்துக்கொண்டு கிடந்தன. டீச்சரம்மா காய்ச்சலில் படுத்திருந்த இரண்டு நாள் அது. அத்தனையையும் கட்டித் தூக்கிக்கொண்டுபோய், திட்டின் ஒரே மளிகைக்கடைக்காரர் காத்தமுத்துவிடம், "பொட்டலம் மடிக்க வெச்சுக்குங்க" என்று கொடுத்துவிட்டு வந்தேன். அலமாரியில் புதுப் பதிவேடுகளை அடுக்கி, சந்தனம் குங்குமம்கூட வைத்தேன். வெட்கக்கேடு.

காய்ச்சல் தேறி வந்து முதல் நாளே புதுப் பதிவேட்டைத் திறந்தவர், தன் பெயரையும் எழுதி, "வரவில்லை. காரணம்: காய்ச்சல் (உண்மை)" என்று போட்டார். அதுதான் அவர் வராத முதல் இரண்டு நாள். பழையவை பின்னால் இருக்கும் என்று நினைத்துக்கொண்டார் போலும், தேடவில்லை.

அடுத்த வருடம் ஜூலை பதினாலு வந்தது. பிள்ளைகள் வழக்கம்போல ஆற்றோரம் வரிசையாக நின்றார்கள். அக்கரையில் கொடியும் இல்லை, வாணமும் இல்லை. நல்ல இருட்டாகும்வரை நின்றார்கள். உம்மு சல்மா என்று ஒரு வாயாடி, சேர்ந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. அவள் டீச்சரம்மாவின் துப்பட்டியைப் பிடித்து இழுத்துக் கேட்டாள்.

"டீச்சரம்மா, இந்த வருசம் நமக்கு வயசு ஏறாதா?"

"ஏறும் புள்ள. இனிமே சத்தமில்லாம ஏறும்."

சொல்லிவிட்டு அவர் விடுவிடுவென்று வீட்டுக்குப் போய்விட்டார். அன்றைக்கு வட்லப்பம் வந்தது. ஆனால் இனிப்பு குறைவாக இருந்தது.

ஐம்பத்தாறு மாசி மாதத்தில் புது இன்ஸ்பெக்டர் வந்தார். சிவசுப்பிரமணியன் என்று பெயர், கும்பகோணத்துப் பக்கம். நல்ல மனிதர்தான், ஆனால் பேனாவைத் திறந்தால் மூடத் தெரியாதவர். சேர்க்கைப் பதிவேட்டை விரித்தார். விரலை வைத்து மேலிருந்து கீழே வந்தார். பக்கம் திருப்பினார். மறுபடி மேலிருந்து கீழே. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

"என்னம்மா இது? முப்பத்தாறு புள்ளைங்க, முப்பத்தாறும் ஜூலை பதினாலா? இந்தத் திட்டுல மத்த நாள்ல புள்ள பொறக்காதா?"

"பொறக்கும். எழுதிவெக்க ஆளில்ல. நான் ஒரு தேதி குடுத்தேன்."

"அதுவும் பிரெஞ்சுக்காரன் தேதி! கொடி எறங்கி ஒண்ணேகால் வருசமாச்சும்மா."

"தேதியெல்லாம் ஆண்டவன் தேதி. அவங்க ஒரு நாளு எடுத்துக்கிட்டாங்க, நானும் அதையே எடுத்துக்கிட்டேன். இதுல என்ன குத்தம்?"

இன்ஸ்பெக்டர் பேனாவை எடுத்துவிட்டார். பதிவேடு முழுக்கப் பொய் என்றால் பள்ளிக்கூடமே பொய் என்றுதான் மேலே சொல்வார்களாம். மார்ச் கடைசிக்குள் ஒவ்வொரு பிள்ளைக்கும் உண்மையான பிறந்த தேதி வேண்டும், ஆதாரத்தோடு. ஆசிரியர்களுக்கும் சேர்த்து. ஒரே ஒரு தேதி பொய் என்றாலும் அங்கீகாரம் ரத்து. ஜூனிலிருந்து பிள்ளைகள் அக்கரைப் பள்ளிக்கூடத்துக்குப் போகட்டும் என்றார்.

அக்கரைக்குப் போகட்டும் என்று சொல்ல அவருக்கென்ன? நல்ல நாளிலேயே நான் வாய்ப்பாடு சொல்லிக் கடக்கிற ஆறு. ஐப்பசியில் தண்ணீர் சிவந்து வரும்போது ஐந்து வயதுப் பிள்ளையை எவள் ஓடத்தில் ஏற்றுவாள்? முப்பத்தாறில் பத்தொன்பது பெண் பிள்ளைகள். அவர்களை வெள்ளம் இல்லாவிட்டாலும் அனுப்பமாட்டார்கள். பள்ளிக்கூடம் மூடினால் அந்தப் பத்தொன்பது பேரின் படிப்பு அன்றோடு சரி. டீச்சரம்மாவுக்கு அது தெரியும். எனக்கும் தெரியும்.

இன்ஸ்பெக்டரின் ஓடம் கிளம்பியதும் டீச்சரம்மா தெம்பாகத்தான் திரும்பினார்.

"பயப்படாதீங்க வாத்தியாரே. தேதி எல்லாம் நம்மகிட்ட இருக்கு. தம்பி பொறந்தான், தங்கச்சி பொறந்தான்னு வராத காரணத்துல எழுதியிருக்கேன்ல? அன்னைக்குத் தம்பி, இன்னைக்கு நம்ம மாணவன். மொதப் புள்ளையா இருந்தாக்கூட, பக்கத்து வீட்டுப் புள்ள வேடிக்கை பாக்கப் போயிருக்கும். அந்தப் பழைய புத்தகங்கள எடுங்க."

வேறு வழியில்லை. காத்தமுத்துவிடம் கொடுத்ததைச் சொன்னேன்.

திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. குடையை எடுத்துக்கொண்டு வெளியே போனார். அவர் திட்டாதது எனக்குத் தாங்கவில்லை. பின்னாலேயே ஓடினேன். காத்தமுத்து கடையில் போய்த்தான் நின்றார்.

"அதையேன் கேக்குறீங்க டீச்சரம்மா" என்று காத்தமுத்து அலுத்துக்கொண்டார். "வாத்தியாரு பெரிசா குடுத்துட்டுப் போனாரு. தடிப் பேப்பரு, மடிச்சா விரிஞ்சுக்குது. சீரகம் அரை வழியிலேயே கொட்டிப்போவுதுன்னு எல்லாரும் சண்டைக்கு வந்துட்டாங்க. ஒரு புத்தகத்தோட நிறுத்திட்டேன். மிச்சத்துமேல உப்பு மூட்டை வெச்சிருக்கேன், ஈரம் ஏறாம இருக்கட்டும்னு."

அந்த உப்பு மூட்டையை நானே நகர்த்தினேன். முதுகு இன்னும் வலிக்கிறது. பதின்மூன்று புத்தகங்கள் உப்புப் பூத்து, ஓரம் கறுத்து, ஆனால் எழுத்து அழியாமல் இருந்தன. பொட்டலமாகிப் போனது நாற்பத்தொன்பது ஜூன் முதல் ஐம்பது ஜூலை வரைக்குமான புத்தகம்.

பத்து நாள் உட்கார்ந்து படித்தோம். நான் படிப்பேன், டீச்சரம்மா எழுதுவார். பெயர் வாசித்ததுமே அவருக்கு அந்த நாள் கண்முன் வந்துவிடும். "ஆமா, அன்னைக்கு மருத்துவச்சி ஓடத்த விட்டுட்டு நீந்தி வந்தா." "இவன் பொறந்தப்ப இவன் வாப்பா கப்பல்ல. மூணு மாசம் கழிச்சு வந்து, இது யாரு வீட்டுப் புள்ளன்னு கேட்டான்." "அந்த வீடு இப்ப இல்ல, ஆறு தின்னுடுச்சு." "இவ உம்மா எங்கிட்டத்தான் படிச்சா. ஏழாம் வாய்ப்பாடு இன்னும் வராது." சிரித்துக்கொண்டே சொல்வார், சொல்லிக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொள்வார். நடுநடுவே என் பெயரும் வரும், "பொய்", "பொய்", "உண்மை, நனைந்திருந்தார்" என்று. அதை நான் வேகமாகத் தாண்டுவேன். "நிறுத்தி வாசிங்க வாத்தியாரே, வரலாறுல்ல" என்பார்.

இருபத்தேழு பிள்ளைகளுக்குத் தேதி கிடைத்தது. மீதி ஒன்பது பேர் காத்தமுத்துவின் சீரகத்தோடு போய்விட்டார்கள்.

அந்த ஒன்பதுக்கு ஊரையே கூட்டினார். பள்ளிக்கூடத்தில் எல்லாரும் வந்து உட்கார்ந்தார்கள். சாட்சிகளுக்குத் தேதி தெரியாது, ஆனால் வேறு எல்லாம் தெரியும். ஒருத்தி, "மாங்கனித் திருழாவுக்குப் போக முடியலியேன்னு அழுதுகிட்டே பெத்தேன்" என்றாள். இன்னொருவர், "சுங்கக்காரன் எம் மடியிலேர்ந்து சிங்கப்பூர் சென்ட்ட புடுங்கின அன்னைக்கு" என்றார். "அது ஒரு நாளா? ஒங்கிட்ட வாரா வாரம் புடுங்கினானே" என்று பின்னாலிருந்து ஒரு குரல். சிரிப்பில் கொட்டகை அதிர்ந்தது. டீச்சரம்மா அந்த வருடத்துப் பழைய பஞ்சாங்கத்தை ஒரு கையிலும் பள்ளிவாசல் காலண்டரை இன்னொரு கையிலும் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு நாளையும் குறைந்தது மூன்று பேர் ஒத்துக்கொண்ட பிறகே எழுதினார். எட்டு பேர் முடிந்தார்கள்.

ஒன்பதாவது உம்மு சல்மா. அவள் தாய் அஜீசுன்னிசா எழுந்தாள்.

"அந்த வருசம் நோன்புப் பெருநாளுக்கு மூணு நாள் முந்தி."

டீச்சரம்மா காலண்டரைப் பார்த்தார். எண்ணினார். மறுபடி எண்ணினார். பிறகு என்னைப் பார்த்தார்.

"யா அல்லா. ஜூலை பதினாலு."

"அய்யய்யோ" என்றேன். "இத எப்படி டீச்சரம்மா இன்ஸ்பெக்டர்கிட்ட காட்டுறது? எல்லாத்தையும் மாத்திட்டு இதுல பிடிபடுவோம். பதினஞ்சுன்னு போட்டுடுங்க."

"உண்மையச் சொன்னா பிடிபடுவோமா? நல்லாருக்கே ஒங்க நியாயம்!"

மார்ச் இருபத்தெட்டாம் தேதி இன்ஸ்பெக்டர் வந்தார். மேசைமேல் பதின்மூன்று புத்தகங்கள், பக்கத்தில் சாட்சிகளின் கையெழுத்தோடு புதிய பட்டியல். ஒவ்வொன்றாக ஒத்துப் பார்த்தார். காரணங்களைப் படித்துப் படித்துச் சிரித்தார். என் பெயர் வந்த இடங்களில் என்னைப் பார்த்துச் சிரித்தார். கடைசியில் உம்மு சல்மாவிடம் வந்து நின்றுவிட்டார்.

"இது மட்டும் நம்ப முடியலியேம்மா. பழக்க தோசமா?"

அஜீசுன்னிசா கதவோரத்திலிருந்து உள்ளே வந்துவிட்டாள். "நம்பாட்டி போங்க சார். வலி எடுத்து நான் கத்துறேன், அந்தப் பக்கம் வாணம் வெடிக்குது. ஒவ்வொரு தடவை நான் கத்தும்போதும் ஒண்ணு வெடிக்கும். நான் கத்துனது ஒருத்தருக்கும் கேக்கல. மருத்துவச்சிகூட வேடிக்கை பாத்துக்கிட்டு வெளிய நின்னுட்டா. அந்த நாளு எனக்கு மறக்குமா?"

இளையபெருமாள் வெளியிலிருந்து குரல் கொடுத்தான். "ஆமாங்க சார், மருத்துவச்சி எம்பக்கத்துலதான் நின்னுச்சு."

இன்ஸ்பெக்டர் பேனாவைக் கீழே வைத்தார். உம்மு சல்மா பெருமையில் கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றாள். மற்றவர்களுக்கெல்லாம் போய்விட்டது, அவளுக்கு மட்டும் வாணம் நிலைத்துவிட்டது.

"சரி. புள்ளைங்க ஆச்சு. ஆசிரியர்கள்?"

என் சான்றிதழைக் கொடுத்தேன். டீச்சரம்மாவின் பெயருக்கு நேரே பழைய வேலைப் பதிவில் ஜூலை பதினாலு, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இரண்டு என்று இருந்தது. ஐம்பத்துமூன்று வயது. இன்ஸ்பெக்டர் அதைப் பார்த்துவிட்டு, தலையாட்டி, கையெழுத்துப் போடப் போனார். விசயம் முடிந்தது என்று நான் மூச்சு விட்டேன்.

"கொஞ்சம் பொறுங்க" என்றார் டீச்சரம்மா. துப்பட்டிக்குள்ளிருந்து ஒரு மடித்த காகிதத்தை எடுத்தார். பழுப்பேறி, மடிப்பில் கிழிந்து, பிரெஞ்சு முத்திரை குத்தியது. நான் எட்டிப் பார்த்தேன். கப்பலில் வருவதற்காக சைகோனில் கொடுத்த தாள். ஆஸியா, பெண், பிறந்தது சைகோன், ஜூலை பதினாலு, ஆயிரத்து எண்ணூற்றுத் தொண்ணூற்று மூன்று.

எனக்குக் கணக்கு வராதா என்ன? பதினாறாம் வாய்ப்பாட்டுக்காரன். அறுபத்திரண்டு வயது. ஐம்பத்தைந்தோடு வேலை முடிந்தது என்பது சட்டம். சட்டென்று என் குடையை எடுத்து அந்தத் தாள்மேல் வைத்தேன்.

"எடுங்க வாத்தியாரே."

"டீச்சரம்மா, யாரு கேட்டாங்க இத? அவரே ஒத்துக்கிட்டாரு!"

"குடைய எடுங்கன்னேன்."

எடுத்தேன். இன்ஸ்பெக்டர் தாளைப் படித்தார். அவர் முகம் சுண்டிவிட்டது.

"ஏம்மா... தொள்ளாயிரத்து ரெண்டுன்னு எப்படி வந்துச்சு?"

"வேலை குடுத்தப்ப வயசு கேட்டாங்க. கண்ணாடியப் பாத்துட்டுச் சொன்னேன். கண்ணாடி அப்ப அப்படித்தான் சொல்லிச்சு."

அவரும் சிரித்தார், நாங்களும் சிரித்தோம். சிரிப்பு பாதியில் நின்றுபோயிற்று.

"இத நான் பாக்கலேன்னு வெச்சுக்கிறேன்மா. உள்ள வைங்க."

"நீங்கதான சொன்னீங்க, ஒரு தேதி பொய்ன்னாலும் மூடுவேன்னு? நாளைக்கு ஒங்களுக்கு அடுத்து ஒருத்தர் வருவாரு. அவரு கண்டுபிடிச்சா, எனக்காக முப்பத்தாறு புள்ளைங்க ஆத்தத் தாண்டணுமா? எழுதிக்கிட்டுப் போங்கையா."

அவர் எழுதினார். ஏப்ரலோடு டீச்சரம்மாவுக்கு ஓய்வு, பள்ளிக்கூடத்துக்கு அங்கீகாரம்.

இன்ஸ்பெக்டர் போன பிறகு நான் அடக்கிவைத்திருந்ததைக் கேட்டேன். "அப்ப ஜூலை பதினாலு பிரெஞ்சுக்காரன் தேதி இல்லையா?"

"என் தேதி" என்றார். "நான் சைகோன்ல பொறந்த அன்னைக்கு ஊரெல்லாம் வெடி. வருசா வருசம் வாப்பா என்னத் தோள்ல தூக்கிவெச்சு, ஒனக்காகத்தான் வெடிக்கிறாங்கன்னு சொல்லுவாங்க. ஒம்போது வயசு வரைக்கும் நம்பினேன் வாத்தியாரே. அந்த சந்தோசம் பெறகு எனக்கு வரவே இல்ல. இங்க வந்து பாத்தா ஒரு புள்ளைக்கும் பொறந்த நாளே இல்ல. என்கிட்ட இருந்தது அது ஒண்ணுதான். குடுத்துட்டேன்."

எட்டு வருடம் நான் பிரெஞ்சுப் பக்தி என்று ஏசியது இதைத்தான். எனக்கு அழுகை வந்தது. வெட்கமில்லாமல் அழுதேன். "போதும், ஆறு ஏறிடப் போவுது, நீங்கதான் அக்கரைக்குப் போவணும்" என்றார்.

ஜூனில் நான் தலைமை ஆசிரியர் ஆனேன். பள்ளிக்கூடத்துக்கும் டீச்சரம்மா வீட்டுக்கும் நடுவில் ஐம்பது அடிதான். ஆனால் அவர் இந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. "நான் போனா வாத்தியாருக்கு அவரு வேலை மறந்துபோயிடும்" என்றாராம் இளையபெருமாளிடம். வாசலில் குடை மட்டும் விரித்துக் காய்ந்துகொண்டிருக்கும். எனக்கு அந்தக் குடையைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

ஜூலை பதினாலு சனிக்கிழமை, அரைநாள் பள்ளி. ஓடத்தில் வந்து இறங்கி, மணியடித்தேன். ஒருவரும் வரவில்லை. மறுபடி அடித்தேன். ஒரு ஈ காக்கை இல்லை. புதுத் தலைமை ஆசிரியரைப் பார்த்துப் பரிகாசமா என்று கோபம் தலைக்கேற, பிரம்பை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

ஐம்பது அடி போனதும் சத்தம் கேட்டது. டீச்சரம்மா வீட்டு முற்றத்தில் முப்பத்தாறும் இருந்தன. காரைக்கால் கடைத்தெருவிலிருந்து இளையபெருமாள் ஒரு கூடை வாணம் வாங்கி வந்திருந்தான். பட்டப்பகலில் உம்மு சல்மா ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுக்க, அவன் கொளுத்திக்கொண்டிருந்தான். வெயிலில் ஒரு நிறமும் தெரியவில்லை, புகையும் சத்தமும்தான். "இது டீச்சரம்மாவுக்கு! இதுவும் டீச்சரம்மாவுக்கு!" என்று பிள்ளைகள் கூச்சல். டீச்சரம்மா காதைப் பொத்திக்கொண்டு, "அடப் பாவிங்களா, கூரையக் கொளுத்திடாதீங்க" என்று திட்டிக்கொண்டே, வாயெல்லாம் சிரிப்பாக உட்கார்ந்திருந்தார். ஒன்பது வயதுப் பெண்ணின் முகம் அது.

என்னைப் பார்த்ததும் முகத்தை மாற்றிக்கொண்டார்.

"என்ன வாத்தியாரே, லீவு விட்டுட்டீங்களா?"

"இல்ல டீச்சரம்மா. யாரும் வரல."

"வராட்டி காரணம் எழுதினீங்களா?"

"இன்னும் எழுதல."

"போய் எழுதிட்டு வந்து பசியாறுங்க. காரணம் எழுதாத புத்தகம் எதுக்கு? சீரகம் மடிக்கவா?"

பள்ளிக்கூடத்துக்குத் திரும்பினேன். பிரம்பை மூலையில் போட்டேன். இந்த வருடம் வந்த புதுப் பதிவேட்டில் காரணம் எழுதக் கட்டமே இல்லை. ஓரத்தில் அளவுகோல் வைத்துக் கோடு போட்டு ஒரு கட்டம் உண்டாக்கினேன். முப்பத்தாறு பெயருக்கும் நேரே பொடி எழுத்தில் ஒரே காரணத்தை எழுதினேன். கடைசியாக எல்லாருக்கும் கீழே எழுதினேன்: "தியாகராசன் வாத்தியார் வரவில்லை. காரணம்: டீச்சரம்மாவுக்குப் பிறந்த நாள் (உண்மை, பார்த்தேன்)."